பிஸ்டனைக் கழற்றாமல் எழுதிய விலை

"ஊதத் தெரியாத பொம்பளப் பிள்ள, ஊதுற வாத்தியத்துக்கு வெல சொல்லப் போகுதாக்கும்? நல்லாருக்குங்க நாயம்."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எங்கள் வாத்தியக் கடை வாசலில் நின்று ஒரு பேண்டு செட்டுக்காரர் இப்படிச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி முதலாளியைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுதான் சுட்டது.

"பானை வாங்குறவுக தட்டித்தானங்க பாக்குறாக? வனைஞ்சா பாக்குறாக?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. கடையில் நான் பேசிய முதல் பேச்சு அது. அந்த வேகத்திலேயே ஒன்பது வருஷம் ஓடினேன். இப்போது அந்த வேலையில் இல்லை. முப்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் வீடு தேடி வந்து, "அக்கா, பழைய வாத்தியத்துக்கு வயசு எப்படிச் சொல்றது, எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் அரை மணி நேரம் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் கையெழுத்துப் போட்டவள் நான். அப்பா கல் வண்டி ஓட்டினார். ரசீதில் பெருவிரலை உருட்டுவார். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் ஆத்தா ஒரு பித்தளைச் சொம்பு வாங்கி, பாத்திரக் கடையிலேயே 'பெ. பெரியநாயகி' என்று பேர் வெட்டிக்கொண்டு வந்தாள். வாத்தியக் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டது என் இங்கிலீஷுக்காக. லண்டனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும் விலைப்பட்டியல்களைப் படித்துச் சொல்ல, பதில் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். பெரிய வீடுகள், பள்ளிக்கூடங்கள், மாதா கோயில்கள் எல்லா இடத்திலிருந்தும் பழைய ஊதுவாத்தியங்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. வாங்குவதும் விற்பதும் போக, வெளியாருக்கு விலைச்சீட்டும் எழுதிக் கொடுப்போம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால், செட்டு உடைந்தால், இரண்டு தரப்புக்கும் பொதுவாக இன்ன வாத்தியம் இன்ன விலை பெறும் என்று எழுதி, கடை முத்திரை குத்திக் கொடுப்பது. அந்தச் சீட்டை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

முதலாளியின் முறை தனி. வாத்தியத்தை மேசைமேல் வைத்ததும் அதைப் பார்க்கவே மாட்டார். ஆளைப் பார்ப்பார். காப்பி வரவழைப்பார். 'எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க' என்று கேட்க மாட்டார். அதற்கு எவனும் உண்மை சொன்னதில்லை என்பது அவர் கட்சி. "இதுக்கு முன்னால யாரு ஊதுனாக?" என்பார். ஒரு பேர் வரும். "அவுகளுக்கு முன்னால?" இன்னொரு பேர் வரும். மூன்றாவது பேரில் ஆள் திணறுவார். அப்போதுதான் வாத்தியம் பக்கம் திரும்புவார். விலையை வாயால் சொல்ல மாட்டார். துண்டுச் சீட்டில் எழுதி என் பக்கம் நகர்த்துவார். முத்திரை குத்தி வெளியே போன சீட்டைப் பற்றி யாராவது திரும்பப் பேசினால், வலது உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, "அது அப்படியே இருக்கட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவர் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. கேட்டால் "பாரு" என்பார். பார்த்தேன். இரண்டு வருஷத்தில் நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். மூன்றாம் வருஷம் சீட்டு எழுதும் வேலை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. டியூபாவை வைத்துச் சொல்கிறேன். செட்டுக்காரர்கள் அதை 'பேஸ்' என்பார்கள். இடுப்பளவு உயரம், மடித்து மடித்து வைத்த குழாய், நடுவில் விரலால் அழுத்தும் பிஸ்டன்கள், மேலே பெரிய புனல்வாய். கல்யாண ஊர்வலத்தில் மற்ற எல்லா வாத்தியத்துக்கும் அடியில் 'பூம் பூம்' என்று நிற்பது அதுதான்.

முதலில் புனல்வாயில் வெட்டியிருக்கும் எழுத்து. தேய்ந்திருந்தால் கொஞ்சம் திருநீற்றை எடுத்துத் தேய்த்துத் துணியால் துடைத்தால் எழுத்துக்குள் வெள்ளை நிற்கும். கம்பெனி பேர், ஊர், அதன் கீழே அவர்கள் கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களின் வருஷங்கள். கடைசிப் பதக்கத்துக்கு முன்னால் அந்த வாத்தியம் பிறந்திருக்க முடியாது. அடுத்தது ஓட்டை. பிஸ்டனை அழுத்தாமல் அதன் பக்கத்துக் குழாயை உருவி, சற்றுப் பொறுத்துப் பிஸ்டனை அழுத்தினால் 'டப்' என்று கேட்க வேண்டும். கேட்டால் காற்றுக் கசியவில்லை. பிறகு வாய்ப்பக்கத்துக் குழாயில் ரோஸ் நிறத்தில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். விழுந்திருந்தால் பித்தளை உள்ளுக்குள் அழுகுகிறது. பிறகு சுருதி. பழைய காலத்து இங்கிலீஷ் வாத்தியங்கள் சுருதி ஏறியிருக்கும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் நின்று இழுபறி பண்ணும். இப்போதைய கிளாரினெட்டோடு சேராது. அப்படிப்பட்டதற்குப் பாதி விலைதான். கடைசியாகத்தான் முக்கியமானது. இரண்டாவது பிஸ்டனைக் கழற்றினால் உள்ளே ஓர் எண் குத்தியிருக்கும். வாங்கிய ரசீதோடு வரும் வாத்தியங்களின் எண்ணையும் வாங்கிய வருஷத்தையும் ஒரு நோட்டில் கம்பெனிவாரியாக எழுதிக்கொண்டே வந்தேன். ரசீதில்லாத வாத்தியம் வந்தால் அதன் எண் எந்த இரண்டு எண்களுக்கு நடுவில் விழுகிறது என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். இந்த நோட்டு முதலாளியிடம் கிடையாது. என்னிடம்தான் இருந்தது.

இதனால் பேர் கிடைத்தது. ஒருமுறை ஒருவர் லண்டன் கார்னெட் என்று ஒரு சின்ன ஊதுகொம்பைக் கொண்டுவந்தார். முதலாளியே தலையாட்டிவிட்டார். நான் திருநீற்றைத் தேய்த்தேன். 'லண்டன்' என்ற இங்கிலீஷ் எழுத்துகளில் ஒன்று இடம் வலம் மாறி நின்றது. பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற யாரோ இங்கிலீஷ் தெரியாமல் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார். "ஏங்க, லண்டன்ல நம்ம பாத்திரக்கடைக்காரரு வேல பாக்குறாரா?" என்று கேட்டேன். கடை முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து "தெரியாது" என்ற சொல்லை நான் கடையில் சொன்னதேயில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபின் பெருமையாக இல்லை.

பொன்னமராவதியிலிருந்து ஆள் வந்தது ஓர் ஐப்பசி மாதம், மழை விடாத வாரம். அங்கே ஒரு பேண்டு செட்டில் பேஸ் ஊதிய சின்னையா என்பவர் காய்ச்சலில் இறந்துபோயிருந்தார். செட்டின் வழக்கம் இது: ஆளுக்கு ஒரு பங்கு, பேஸ் வாத்தியத்துக்கு அரைப் பங்கு. யார் ஊதினாலும் அந்த அரைப் பங்கு வாத்தியம் யாருடையதோ அந்த வீட்டுக்குப் போகும். சின்னையாவின் மனைவி வெள்ளையம்மாவுக்கு நிலம் கிடையாது, பிள்ளை கிடையாது. இனி அவளுக்கு வரும்படி என்று இருந்தது அந்த அரைப் பங்கு மட்டும். இறந்தவரின் தம்பி ஆண்டியப்பனும் அதே செட்டில்தான் ஊதினான். வாத்தியத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு பங்கை முடித்துவிடப் பார்த்தான். கருமாதி அன்று உறவும் செட்டும் கூடிப் பேசி முடிப்பார்கள். அதற்குள் விலைச்சீட்டு வேண்டும் என்று கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் போனேன். விளக்குப் பக்கத்தில் டியூபாவை நிறுத்தி, புனல்வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். கருமாதி முடியும்வரை அதை ஊதக்கூடாது, பிஸ்டனில் விரல் வைக்கக்கூடாது. கடைசியாக அதில் ஓடியது அவர் மூச்சு. துணியை அவிழ்த்து எழுத்தை மட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

"வரும்போதே சொல்லியிருந்தா பதினாறு கழிச்சு வந்திருப்பேனே" என்றேன்.

"பதினாறுக்குள்ள சீட்டு வேணுமே டீச்சரம்மா" என்றான் ஆண்டியப்பன். நான் டீச்சர் இல்லை என்று அவனுக்குத் தெரியும். "ஒங்களுக்குப் பாத்தாலே தெரியும்னாக. தெரியாதுன்னா சொல்லிருங்க, காரைக்குடியில ஆள் இருக்கு."

'தெரியாது' என்று அன்று சொல்லியிருக்கலாம்.

திருநீற்றைத் தேய்த்தேன். எழுத்து அநேகமாக இல்லை. கம்பெனி பேரில் பாதி, பதக்கங்களில் இரண்டு, அதுவும் நிழல்போல. வெள்ளிப் பூச்சு போட்ட வாத்தியம். ஆனால் வெளிப்பக்கம் முழுக்க வெறும் பித்தளை. குழாய்கள் நெருங்கும் இடுக்குகளில் மட்டும் வெள்ளி வெள்ளையாக நின்றது. வெள்ளையம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பளபளன்னு இருக்கா தாயி? நான்தான் வெளக்குவேன். அவுக தொடவே விடமாட்டாக யாரையும், என்னத் தவுர" என்றாள்.

"ம்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தும் பூச்சும் இவ்வளவு தேய்வதற்கு ஐம்பது அறுபது வருஷம் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்த வயதென்றால் சுருதி ஏறிய பழைய வாத்தியம். பாதி விலை. அதிலும் போன பூச்சுக்கும் வயதுக்கும் கழித்து, 'நூற்றிருபது ரூபாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கடையில் முத்திரை விழுந்தது. கருமாதி அன்று கூடிப் பேசி, வரும் தை முதல் தேதியில் ஆண்டியப்பன் பணத்தைக் கொடுத்து வாத்தியத்தையும் பங்கையும் எடுத்துக்கொள்வது என்று முடிவானது. நூற்றிருபது ரூபாயை வைத்துக்கொண்டு அவள் எத்தனை நாள் இருப்பாள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பது என் வேலையில்லை என்று நினைத்தேன்.

கார்த்திகைத் தீபத்துக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆத்தா பித்தளை முழுவதையும் பரப்பிப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவி வைத்த சொம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டேன். வழக்கமாக விரலில் தட்டுப்படும் எழுத்து தட்டுப்படவில்லை. திருப்பிப் பார்த்தேன். என் பேர் இல்லை. 'பெ'யின் கொம்பு மட்டும் கீறல்போல இருந்தது.

"என்னாத்தா, எம் பேரக் காணோம்?"

"ஒன் சொம்புன்னுதான் தெனமும் வெளக்குறேன். பரணையில கெடக்குற ஒங்க அத்த குடத்தப் பாரு, இருவத்தஞ்சு வருசமாச்சு, நேத்து வெட்டுன மாதிரி இருக்கு பேரு. யாரு அதத் தொட்டா?"

என் சொம்புக்கு வயது பன்னிரண்டு. கையில் சொம்போடு அப்படியே நின்றேன். இடுக்குகளில் மட்டும் வெள்ளி நின்றது நினைவுக்கு வந்தது. பழசாகித் தேய்ந்திருந்தால் இடுக்கும் கறுத்துப் போயிருக்கும். விரல் நுழையாத இடத்தில் வெள்ளி அப்படியே இருக்கிறது என்றால், நுழையும் இடமெல்லாம் ஒரு கை தேய்த்திருக்கிறது. அந்தக் கை சுவரோரம் உட்கார்ந்து என்னிடம் சொல்லவும் செய்தது.

மறுநாள் காலை முதலாளியிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். உள்ளங்கை மேசைமேல் கவிழ்ந்தது.

"அது அப்படியே இருக்கட்டும்."

"தப்பா எழுதியிருக்கேங்க. கழட்டிப் பாத்துட்டு வேற சீட்டு குடுத்தா…"

"ஒரு சீட்டு தப்புன்னா, ஒம்போது வருசமா குடுத்த சீட்டெல்லாம் தப்பாங்கும் ஊரு. போயி லெட்டர எழுது புள்ள."

அன்று முழுக்க ஒரு கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பொன்னமராவதிக்குக் கிளம்பினேன். பையில் என் நோட்டு, ஒரு புட்டி மண்ணெண்ணெய், மரச் சுத்தியல்.

அரிசி மில்லுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் செட்டுக்காரர்கள் ஒத்திகைக்குக் கூடியிருந்தார்கள். ஆண்டியப்பன் அந்த டியூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளையம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவள் வந்ததும் நின்றபடியே சொன்னேன்: "நான் எழுதின வெல தப்பு. பிஸ்டனக் கழட்டிப் பாக்கணும்."

"ஏன் டீச்சரம்மா, கடைச் சீட்டு ஒண்ணு, பஸ்ஸுல வார சீட்டு ஒண்ணா?" என்றான் ஆண்டியப்பன். ஒருவன் சிரித்தான்.

"இது பழைய சுருதின்னு எழுதியிருந்தேன். ஒரு மாசமா நீங்க ஊதுறீங்க. கிளாரினெட்டோட சேருதா, சேரலையா?"

"சேருது. நல்ல வாயா இருந்தா எதுவும் சேரும்."

"அப்ப அந்த இழுகுழாயப் பாருங்க. பழைய சுருதி வாத்தியத்த இறக்கணும்னா அத ஒரு சாண் வெளிய இழுத்து வைக்கணும். விரக்கடைதான் வெளிய நிக்குது. அதையும் ஒங்க வாய்தான் தள்ளி வச்சுச்சா?"

இந்தத் தடவை சிரித்தது அவனைப் பார்த்து. வாத்தியத்தைத் தோளிலிருந்து இறக்கிக் கொடுத்தான். இரண்டாவது பிஸ்டன் இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டி, கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்ததும் துடைத்தேன். எண் கூர்மையாக, நேற்றுக் குத்தியதுபோல இருந்தது. உள்ளே புளி போகாது. நோட்டைப் பிரித்தேன். இரண்டாவது யுத்தத்துக்குச் சற்று முன்னால் ரசீதோடு வாங்கிய ஒரு வாத்தியத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் அது விழுந்தது. இருபத்தைந்து இருபத்தாறு வருஷத்து வாத்தியம்தான். குறைந்தது நானூறு பெறும் என்றேன்.

"முத்திர எங்க?" என்றான் ஆண்டியப்பன்.

"முத்திர இல்ல. கடைக்குத் தெரியாம வந்திருக்கேன்."

பெரிய டிரம் அடிக்கும் ராசு என்பவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"ஏப்பா ஆண்டி, சரின்னு சொல்றதுக்குத்தான்டா முத்திர வேணும். நான் எழுதுனது தப்புன்னு அதே கைய வச்சு எழுதுது அந்தப் பிள்ள. தப்புக்கு எதுக்குடா முத்திர?"

எழுதினேன். 'ஐப்பசியில் நான் எழுதிய விலை தவறு' என்று என் கையெழுத்தில் முதன்முதலாக எழுதியது அந்தக் கொட்டகையில்தான், ஒன்பது ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க. கையெழுத்தைப் போட்டதும் காதெல்லாம் எரிந்தது.

"நானூறுக்கு நான் எங்க போவேன் மதினி?" என்றான் ஆண்டியப்பன்.

"போக வேணாம் தம்பி. பங்கக் குடுத்துக்கிட்டே ஊதுங்க" என்றாள் வெள்ளையம்மா. "வாத்தியம் எங்கிட்டயே இருக்கட்டும்."

செட்டு ஒத்துக்கொண்டது. அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்; மறைக்க மாட்டேன். பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தாள்.

"அன்னைக்கே சொன்னேனே தாயி, நான்தான் வெளக்குறேன்னு. நீ தலையத் தூக்கவேயில்ல" என்றாள். பிறகு, "நான் வெளக்கி வெளக்கித்தான் அதுக்கு வெல இல்லாமப் போச்சாக்கும்?"

"வெல அப்படியேதான் இருக்கு. எழுத்துதான் போச்சு."

"இனிமே வெளக்கக் கூடாதா?"

"வெளக்குங்க. எழுத்து இருக்குற இடத்த மட்டும் விட்டுட்டு."

"அதெப்புடி ஒரு எடத்த மட்டும் அழுக்கா விடுறது?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

செய்தி எனக்கு முன்னால் கடைக்குப் போயிருந்தது. முதலாளி கோபப்படவில்லை. காப்பி வரவழைத்தார். விற்க வரும் ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "இனிமே சீட்டு நான் எழுதிக்கிறேன். நீ லெட்டர மட்டும் எழுது" என்றார். தை பிறந்ததும் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அவர் போகச் சொல்லவில்லை. நோட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அது மட்டும் முடியாது என்றேன்.

அந்த நோட்டுதான் என்னை உட்கார விடாமல் வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ரசீது எண்களுக்குப் பின்னால், நான் விலை எழுதிய ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரி. வரியின் கடைசியில் பிஸ்டன் எண். பதினோரு வரிகளில் அந்த இடம் காலியாக இருக்கிறது. பிஸ்டன் இறுகியிருந்ததாலோ, பஸ்ஸுக்கு நேரமானதாலோ, ஆள் அவசரப்படுத்தியதாலோ கழற்றாமல் விட்டவை. எழுத்துத் தேய்வை மட்டும் பார்த்து வயது சொன்னவை. பதினோரு வீடுகளில் எத்தனை வீட்டில் யார் தேய்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

தங்கைகளே, எப்படி என்று கேட்டீர்கள், மேலே எழுதிவிட்டேன். பிஸ்டன் வராவிட்டால் சீட்டு எழுதாதீர்கள். முதலாளி 'பாரு' என்பார். பார்த்தபிறகு, அந்த வீட்டில் அதைத் தேய்ப்பது யார் என்று கேளுங்கள்.

பதினோரு பேருக்கும் தபால் கார்டு எழுதினேன்: 'உங்கள் வாத்தியத்துக்கு நான் எழுதிய விலை தவறாக இருக்கலாம். நேரில் வந்து கழற்றிப் பார்த்துச் சொல்கிறேன். கட்டணம் வேண்டாம். பெ. பெரியநாயகி.' முந்தாநாள் காலை பெட்டியில் போட்டேன். பதில் வரட்டும் என்று ஆத்தா சொன்னாள். என்னால் முடியவில்லை. முதல் வரியில் இருப்பது ஆவுடையார்கோவில் பக்கத்து ஒரு செட்டுக்காரர். தங்கை கல்யாணத்துக்காகத் தன் பேஸை என் சீட்டை நம்பி விற்றவர். பஸ் அறந்தாங்கியைத் தாண்டிவிட்டது. இதை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.